பெயிண்ட் இல்லாத முனை

9 நவம்பர் 1987
மழை. சோளக்களி கிண்டி வைத்தேன். நீவெஸ் சாப்பிட வரவில்லை. என் வீட்டுக்காரர் போர்த்தொலோ போட்ட துப்பாக்கிப் பட்டறையில் இப்போது மகன் ஃபௌஸ்தோவும் அவன் மகள் நீவெஸும்தான். அவளே வரைந்து அவளே கடைந்த ரைஃபிள் பூட்டு முடியப்போகிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட்டும், அதைத் தாங்குகிற உடலும். சுடும்போது போல்ட்டைப் பிடித்து நிறுத்துகிற பல் மற்றவர்களுடையதில் இரண்டு, இவளுடையதில் மூன்று. கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினாலே திறந்துகொள்ளும். பனியில் விரல் விறைத்துப்போன வேட்டைக்காரனுக்கு அது போதும். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஆம்பிளை இப்படி வரைந்தான்? காப்பிக்கடையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நான் ஐந்தாம் வகுப்புதான், ஆனால் வகுப்பில் முதல். அந்த மூளைதான் அவளுக்கு.

12 நவம்பர்
போல்ட்டை எலும்புக்கரிப் பெட்டியில் புதைத்து, உலையில் சிவக்கவிட்டு, எண்ணெயில் முக்கினாள். நான் அரத்தை வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.
"என்ன பாட்டி, பாஸா?"
"உன் தாத்தா இருந்தா அழுதிருப்பார்டி."

14 நவம்பர்
பட்டறையைக் கூட்டும்போது பார்த்தேன். எஃகுக் கம்பி அடுக்கில் இரண்டு துண்டுகள். எந்த முனையிலும் பெயிண்ட் இல்லை. எஃகு என்ன இனம் என்று சொல்வதே அந்தப் பெயிண்ட்தான்.

பெயிண்ட் அடித்த முனையில் ரம்பம் வைக்கக்கூடாது. அது போய்விட்டால் மிச்சத்துக்குப் பெயர் இல்லை. பச்சை என்றால் கரிப்பெட்டிக்கு ஆகும். தோல் மட்டும் இறுகும், உள்ளே வளைந்து கொடுக்கும். சிவப்பைக் கரிப்பெட்டியில் வைத்தால் உள்வரை இறுகிக் கண்ணாடியாகிவிடும்.

ஃபௌஸ்தோவைக் கேட்டேன். முகம் செத்துவிட்டது.
"அவசரத்துல திருப்பி வச்சு அறுத்துட்டேம்மா."
"ரெண்டையுமா?"
"ரெண்டையும்."
"போல்ட் எதுலேர்ந்து எடுத்தது?"
"அதுதான் தெரியலம்மா."

15 நவம்பர்
துண்டுகளைச் சாணைக்கல்லில் வைத்து, பறக்கிற பொறியைக் கொண்டு இனம் பார்த்தார்கள். ஒன்று பச்சை இனம், ஒன்று சிவப்பு. அதனால் என்ன? போல்ட் எதன் பிள்ளை என்று அது சொல்லாது. போல்ட்டையே சாணை பிடித்தாலும் பயனில்லை, கரி குடித்த தோலில் இரண்டும் ஒரே பொறிதான். கடினம் பார்க்கிற கருவியும் தோலைத்தான் தொடும். உள்ளே பார்க்க வேண்டுமானால் உடைக்க வேண்டும்.

"உடைச்சுட்டு, அது பச்சையா இருந்தா? என் வேலையெல்லாம் போச்சே பாட்டி!"
சிவப்பா இருந்தா?

17 நவம்பர்
அந்த போல்ட்டுக்கு நேர் பின்னால் இருக்கப்போவது அவள் வலது கண்.

19 நவம்பர்
அரசுச் சோதனைக்கு அனுப்பும் முன் முதல் தோட்டாவைச் செய்தவரே தோளில் வைத்துச் சுட வேண்டும். இரண்டே வீட்டு வழக்கம்: எங்கள் வீடு, எதிர்ப்பட்டறை பத்திஸ்தா வீடு. மற்றவர்கள் துப்பாக்கியை டயரில் கட்டித் தூரத்திலிருந்து கயிறு இழுப்பார்கள். போர்த்தொலோவின் கன்னத்தில் வெடிமருந்து தெறித்த கரும்புள்ளிகள் இருந்தன. அதை ஊருக்கெல்லாம் பதக்கம் மாதிரிக் காட்டினது யாரு? நான்தானே.

"டயர்ல கட்டிடு கண்ணு" என்று இன்று கெஞ்சினேன்.
"கயிறு இழுக்கறவங்களைப் பார்த்துச் சிரிச்சது நீதானே பாட்டி? இப்ப ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கவா? ஞாயித்துக்கிழமை சுடறேன்."

கடையில் பத்திஸ்தா வேறு. "ஞாயித்துக்கிழமை உன் சிங்கக்குட்டி கர்ஜிக்குதாமே, சாந்தினா! நாங்களும் வர்றோம்." காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

21 நவம்பர்
ஃபௌஸ்தோ மெதுவாகச் சொன்னான்: "அவளுக்குப் பதிலா நான் சுடறேம்மா. தப்பு என்னுது."
"அப்ப நீ யாரு பெத்த பிள்ளை?"
யாரும் வேண்டாம். யாருமே வேண்டாம். துப்பாக்கிக்காரர்களுக்குக் காவலான புனித பர்பரா தாயே, நாளைக்கு எனக்கு வெட்கம் இல்லாமல் பண்ணு.

22 நவம்பர், ஞாயிறு
பழைய கல்குவாரி. பத்திஸ்தா, அவன் மகன், இன்னும் சிலர். நீவெஸ் வருவதற்குள் டயரையும் துணி காயப்போடுகிற கயிற்றையும் கொண்டுபோய்ப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.
"பட்டறை என் பேர்ல இருக்கு. முதல் தோட்டா நான் சுடுவேன். இப்படித்தான் சுடுவேன்."
"கிழவி பயந்துட்டாடா!" பத்திஸ்தா தொடையில் அடித்துச் சிரித்தான்.
"ஆமா, பயந்துட்டேன். போய் ஊர்ல சொல்லு."

நீவெஸ் முகம் சிவக்கத் துப்பாக்கியை டயரில் கட்டினாள். சுவருக்குப் பின்னால் நின்று இழுத்தேன். வெடித்தது. ஓடிப்போய்க் கைப்பிடியைத் தூக்கினாள், வெண்ணெய் மாதிரித் திறந்தது.
"பாத்தியா?" கயிற்றை அவிழ்க்கப் போனாள்.
"இன்னொண்ணு."
"போதும் பாட்டி, மானத்தை வாங்காதே!"
"இன்னொண்ணுடி. என் கண்ணுல்ல."

இழுத்தேன். அது துப்பாக்கிச் சத்தமே இல்லை. கல்தரையில் தட்டு விழுந்த மாதிரி இருந்தது.

போல்ட் டயருக்குப் பின்னால் சாத்தியிருந்த பைன் பலகையில் போய்க் குத்தி நின்றது. கைப்பிடி வரைக்கும். மூன்று பல்லும் இல்லை. ஒரு பல்லை மண்ணிலிருந்து நீவெஸ் எடுத்தாள். உடைந்த இடம் சர்க்கரைக்கட்டி மாதிரி மினுங்கியது.
"சிவப்பு" என்றாள். அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

23 நவம்பர்
களி அடிப்பிடித்துவிட்டது. நீவெஸ் கருகினதையும் சேர்த்துத் தின்றாள்.

4 டிசம்பர், புனித பர்பரா நாள்
பட்டறைக்கு விடுமுறை. மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீவெஸ் மட்டும் புதுக் கம்பிகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள். முனையில் மட்டுமல்ல, நீளத்துக்கும் கோடு. ஃபௌஸ்தோ கதவருகே ஆணி அடித்து என் துணிக்கயிற்றைச் சுருட்டி மாட்டியிருக்கிறான்.

சாயங்காலம் பத்திஸ்தா ஒரு குப்பி ஒயினோடு வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"சாந்தினா, திங்கக்கிழமை என் பையன் புதுசு ஒண்ணு சுடறான்."
கேலி பண்ண வந்திருக்கிறான் என்று பதில் சொல்ல வாயெடுத்தேன்.
"அந்தக் கயிறைக் கொஞ்சம் கொடேன்" என்றான்.