முப்பத்தொரு பச்சை, ஒரு மஞ்சள்

மார்ச் 4, செவ்வாய். மாலை 6.10. மரங்கள்: 31.

இரண்டு தடவை எண்ணிவிட்டேன். எல்லாம் சுண்டுவிரல் அளவுப் பிளாஸ்டிக் மரங்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கட்டட விளையாட்டுப் பெட்டிகளில், கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் நட்டுவைக்க என்று கொடுத்தவை. எல்லாம் பச்சை. ஒரே ஆளிடம், ‘பிரிக்காத பழைய சரக்கு’ என்று வாங்கியவை. வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். முப்பத்தொன்றும் 46.0 மில்லிமீட்டர். ஒன்றுகூட முன்னே பின்னே இல்லை! பிளாஸ்டிக் ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நேற்று வார்த்த மூடிகூட எங்களுக்கு இப்படி வருவதில்லை. அந்தக் காலத்துத் தரம் என்றால் இதுதான்.

தங்கை எட்டிப் பார்த்தாள். “காடு நல்லா வளர்ந்துடுச்சே. மழை எப்போண்ணா?”

அவளுக்கு என்ன தெரியும்.

மார்ச் 8, சனி.

பார்சலில் மஞ்சள் மரம் வந்திருக்கிறது. எனக்கில்லை, பரிசோதனைக்கு. இந்த மரங்களைச் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் பத்தொன்பது பேர், எல்லாருக்கும் என்னைப் போலவே மரை கழன்றிருக்கிறது. அசலா போலியா என்று சொல்வது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

அனுப்பியவர் குழுவில் இருக்கும் ஒரு நர்ஸ். அவருடைய சின்ன வயதுப் பெட்டியில் மிஞ்சியது இந்த ஒன்றுதானாம். துண்டுச்சீட்டில் எழுதியிருக்கிறார்: “அசல்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும் தம்பி. பத்திரமாத் திருப்பி அனுப்பிடுங்க.”

என்னிடம் மஞ்சள் கிடையாது. குழுவில் வேறு யாரிடமும் கிடையாது. பத்து நிமிஷம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பொறாமையா? சரி, பொறாமைதான்.

மார்ச் 9, ஞாயிறு.

உயரம் 45.2. நாலு தடவை அளந்தாயிற்று. என் முப்பத்தொன்றையும்விட 0.8 குறைவு. உடம்பு லேசாக வளைந்திருக்கிறது. அடியில் இரண்டு சின்னப் பள்ளம்; ‘அச்சுக் குறைபாடு’ என்று குறித்தேன். போதாததற்கு வினிகர் நாற்றம். ஊறுகாய் ஜாடிக்குள் வைத்திருந்தாரோ?

முடிவு: போலி. அறிக்கையைக் குழுவில் போட்டுவிட்டேன்.

பிறகு வெட்டினேன். ஒதுக்கிய பொருளை அப்படியே விடக்கூடாது, நல்லதோடு கலந்துவிடும் என்பது ஆலை வழக்கம். அதையே குழுவுக்கும் மூன்றாம் விதியாக எழுதி வைத்திருக்கிறேன். எழுதியபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் படிக்கவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. சின்ன ரம்பம், நாலு இழுப்பு, இரண்டு துண்டு.

உண்மையை இங்காவது எழுதுகிறேன்: என்னிடம் இல்லாதது போலி என்றானதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 10, திங்கள்.

நர்ஸ் எழுதியிருந்தார்: “போலியாவே இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அது என்னுது. அடியில இருக்கிறது அச்சுக் குறைபாடு இல்ல, என் பல்லு. நாலு வயசுல கடிச்சது.”

நான் எழுதிய பதில்: “மூன்றாம் விதிப்படி வெட்டப்பட்டுவிட்டது.”

அவர் படித்தார். குழுவிலிருந்து விலகிவிட்டார்.

மார்ச் 12, புதன்.

“வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?” என்றாள் தங்கை. அளவு அளவுதான் என்றேன். துண்டுகளை ஏன் இன்னும் குப்பையில் போடவில்லை என்று கேட்டாள். இரண்டையும் மேஜை டிராயருக்குள் தள்ளினேன்.

மார்ச் 18, செவ்வாய்.

ஆலை ஸ்டோரில் பழைய ஸ்க்ரூ டிரைவர் பெட்டி ஒன்று தேவைப்பட்டது. ஸ்டோர் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். “மூக்கைப் பொத்திக்கிட்டுத் திறங்க இன்ஜினியர் சார்.”

திறந்தேன். அதே வினிகர் நாற்றம்.

“கைப்பிடி அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். வருஷம் ஆக ஆகப் புளிச்சுப் போகும். வளையும், சுருங்கும். வயசானா நாமளே சுருங்குறோம், இது சுருங்காதா?”

ஒரு கைப்பிடியை எடுத்து மறுபடி முகர்ந்தேன்.

எனக்கு இது தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், படம் போட்டு! பழைய அசிட்டேட் பிளாஸ்டிக் புளிக்கும், வளையும், சுருங்கும். மாதாமாதம் புது ஆட்களை நிற்கவைத்துச் சுருக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் கத்துகிறவன் நான். ஐம்பது வருஷ மரம் 0.8 குறையாமல் என்ன செய்யும்?

அப்படியென்றால் இம்மி குறையாத என் முப்பத்தொன்று?

மார்ச் 19, புதன்.

தங்கையின் நகப்பூச்சு நீக்கியை வாங்கினேன். “எந்த விரலுக்குண்ணா?” என்றாள். பஞ்சில் தொட்டு மஞ்சள் துண்டின் வெட்டுவாயில் வைத்தேன். பிசுபிசுத்து இளகியது. பழைய அசிட்டேட் என்றால் அப்படித்தான் செய்யும். பச்சை மரங்களில் ஒவ்வொன்றாக வைத்தேன். ஒன்று. ஐந்து. பதினெட்டு. முப்பத்தொன்று. ஒன்றும் ஆகவில்லை. பால் டப்பா மூடிக்குப் போடும் அதே பிளாஸ்டிக். போன வருஷத்துச் சரக்காக இருக்கும்.

இந்த வீட்டுக்குள் வந்த ஒரே அசல் மரத்தை நான்தான் அறுத்தேன். நாலே இழுப்பில்.

தங்கை சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அந்தக்கா கிட்ட என்னண்ணா சொல்லப் போறே?” என்றாள்.

மார்ச் 20, வியாழன். காலை 7.25. மரங்கள்: 0.

நர்ஸுக்குப் போன் செய்தேன். ‘நான்தான் மரத்தை…’ என்று ஆரம்பித்து, அசிட்டேட், சுருக்கம், சதவீதம் என்று உளறினேன். நடுவில் நிறுத்தினார். “தம்பி, எனக்கு டியூட்டி இருக்கு. ரெண்டு துண்டும் இருக்கா, இல்லையா?”

“இருக்கு.”

“பல்லு பட்ட இடம்?”

“முழுசா இருக்குக்கா.”

“தபால்ல போடாதீங்க. நேர்ல கொண்டாங்க” என்று வைத்துவிட்டார்.

இனி செய்ய வேண்டியது:

1. இன்றே குழுவில் எழுதுவது: போலி அவர் அனுப்பியது அல்ல, என்னிடம் இருக்கும் முப்பத்தொன்றும். ‘ஆனால்’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது.
2. மூன்றாம் விதியை நீக்குவது.
3. துண்டுகளைப் பஞ்சில் சுற்றுவது. அதே நகப்பூச்சு நீக்கியால் ஒட்டலாம், வடு தெரியும். அவரைக் கேட்காமல் ஒட்டக்கூடாது. கேட்காமல் எதையும் செய்யக்கூடாது.
4. சனிக்கிழமை முதல் பஸ்.
5. வெர்னியரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது.