கறுப்பு வயர்தான் அப்பி

செப்டம்பர் 2, செவ்வாய்

கார் மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை கூலாய் பெட்ரோல் நிலைய வாசலில். 1959-இல் இங்கிலாந்தில் செய்த கார். தூறல் விழுந்தாலே இரும ஆரம்பித்துவிடும். பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே தொட்டுத் தொட்டு விலகும் பாயிண்ட் இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்தேன். நடுவில் இருக்கவேண்டிய இடைவெளியை ஒரு கல்யாணப் பத்திரிகையை நுழைத்துச் சரிபார்த்தேன். தோழி யோகேஸ்வரியின் பத்திரிகைதான் அதற்குச் சரியான கனம். அவளிடம் இதைச் சொன்னதில்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார்: "ஓட்டிட்டு வந்தியா, தள்ளிட்டு வந்தியா?"

அம்மா அதில் ஏறி மூன்று மாதமாகிறது. ஸ்கூடாய் சாலை சிக்னலில் அது நின்றுபோனபோது பட்டுச்சேலையோடு இறங்கிக் கோயிலுக்கு நடந்தே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

ரூபேந்திரன் என்று ஒருவர் பழைய கார்கள் வாங்குகிறாராம். அம்மாவே நம்பர் தேடிப் பேசிவிட்டார். 14-ஆம் தேதி வந்து எடுத்துப்போகத் தயார்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மா ஒரு வழி சொன்னார். 13-ஆம் தேதி மூவாரில் தஸ்லிமாவின் கல்யாண விருந்து. அவளுடைய அம்மா காதர் பீவியும் என் அம்மாவும் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் அடுத்தடுத்த நாற்காலி.

"அன்னிக்கி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயி, மூவார் வரைக்கும் நிக்காம போச்சுன்னா நீயே வெச்சிக்க. இல்லன்னா ரூபேந்திரன் எடுத்துக்கட்டும். என் கான்சில் காரு இருக்கு, போதும்."

சரி என்றேன். ஏன் சொன்னேன்? யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அந்தக் கார். மழை நாட்களில் அதன் பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்து எத்தனை புத்தகம் முடித்திருக்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 5, வெள்ளி

எலக்ட்ரானிக் இக்னிஷன் ஆர்டர் செய்துவிட்டேன். பாயிண்டுக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி. தேய்க்க வேண்டாம், பத்திரிகை வேண்டாம். கடைக்காரர் காரின் ஆண்டை மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 10, புதன்

வந்துவிட்டது! உள்ளங்கையில் அடங்குகிறது. ஒரு கறுப்பு வயர், ஒரு சிவப்பு வயர். கூடவே ஒரு விளக்கத்தாள்: 'கறுப்பு வயரை மின்சாரம் வரும் முனையில் மாட்டவும்.'

அச்சுப்பிழை. நாள் முழுக்கத் துறைமுக அலுவலகத்தில் அடுத்தவர் நிரப்பிய படிவங்களில் பிழை தேடுகிறவள் நான். நூலகப் புத்தகத்தைக்கூடப் பென்சிலால் திருத்தாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. 'கறுப்பு' என்பதை அடித்து, 'சிவப்பு' என்று எழுதினேன்.

எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஜீவனைக் கூப்பிட்டேன். செடெனாக்கில் செம்பனை லாரிகளைப் பழுதுபார்க்கிறவன். நான் எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவேன் என்பதால் எனக்கு அவன் வைத்த பெயர் டீச்சர்.

"அலமாக்! என்ன டீச்சர், இதுக்கும் புக்கு பாக்கணுமா? சிவப்புதான் அப்பி. போட்டு ஓட்டுங்க லா."

அப்பி என்றால் மலாயில் நெருப்பு. இங்கே எங்கள் வாயில் அது மின்சாரம் வரும் வயர். ஆக, என் திருத்தம் சரி.

செப்டம்பர் 11, வியாழன்

மயிரிழையில் தப்பித்தது. இப்போது சிரிப்பு வருகிறது.

வேலை முடிந்து வந்ததும் பாயிண்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பொருத்தினேன். சிவப்பை அப்பியில் கொடுத்தேன். சாவியில் கை வைத்தபோது, துணி எடுக்க வந்த அம்மா கூடையோடு எட்டிப் பார்த்தார்.

"இரு. பேட்டரில பிளஸ் எங்க போவுது?"

"பாடிக்கு."

"பிளஸ் பாடிக்குப் போனா, அப்பி எது?"

சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

"மைனஸ்தானே? அங்க கொண்டுபோயி சிவப்பக் குடுத்திருக்க! சாவியத் திருப்பியிருந்தா புகைதான் வந்திருக்கும். எங்க லைன்ல இப்படிப் பண்ணா சூப்பர்வைசர் காதத் திருகிருவா."

எனக்குத் தெரியாததா? அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பிளஸ்தான் உடம்போடு சேரும். அந்த பேட்டரியை எத்தனை தடவை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன்! ஆனால் அப்பி என்ற சொல் காதில் விழுந்ததுமே என் தலைக்குள் சிவப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. தாள் சரி. நான்தான் பிழை.

அம்மா, "தள்ளு" என்று ஸ்க்ரூடிரைவரை வாங்கி இரண்டு வயரையும் இடம் மாற்றினார். ஒரு நிமிட வேலை.

"சும்மா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை கார் போயிருக்குமேம்மா?"

"அதுக்காக? புதுப் பொருள் கருகறதப் பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. இருமல் இல்லை, உதறல் இல்லை. அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். "சனிக்கிழமை பாப்போம்" என்று உள்ளே போனார். துணிக்கூடையைக் காரின் கூரையிலேயே மறந்துவிட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரப்பரால் 'சிவப்பை' அழித்தேன். ஜீவனுக்கு நடந்ததை எழுதினேன். பதில்: "அம்மா வேலைக்கு வருவாங்களான்னு கேளுங்க டீச்சர்."

செப்டம்பர் 13, சனி

ஒரே சாவி.

ஆயர் ஈத்தாமில் அடைமழை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் பயப்படற? வைப்பர்தான் அழுவுது, இன்ஜின் இல்ல" என்றார் அம்மா. மூவார் வரை எங்கேயும் நிற்கவில்லை.

காதர் பீவி வாசலுக்கே வந்துவிட்டார். "ராஜம்மா! இதுலயா வந்த?"

"பின்ன? நான்ல வயர் மாட்டுனேன்!"

இதே கதையை நெய்ச்சோற்றுக்கு நடுவில் மூன்று மேசைகளில் சொன்னார். என் பெயர் ஒரு மேசையிலும் வரவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

திரும்பும்போது யோங் பெங் தாண்டி, "கொஞ்ச தூரம் குடு" என்றார். வீடு வரைக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தரவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பத்து மணிக்கு ரூபேந்திரன் வந்து நின்றார். அவருக்குத் தகவல் சொல்ல இருவருமே மறந்துவிட்டோம். வாசலில் அம்மாவின் கான்சில் மட்டும் இருந்தது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழைய காரு எங்கம்மா?"

"அம்மா மீன் வாங்கப் போயிருக்காங்க, அண்ணே."