லாங் லீவு

12.1.2009, திங்கள்

ரக்ஷிதாவுக்கு ஸ்கூலில் ப்ராஜெக்ட். தினமும் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் பூர்வீகமும் எழுத வேண்டுமாம்.

"'லீவ்'ங்கற சொல்ல எடுத்துக்கறேம்மா. நீ போன்ல எப்பவும் அதானே சொல்ற?"

உண்மைதான். இந்த வளைகுடாக் கட்டுமானக் கம்பெனியில் ஆட்களின் விசா, விடுமுறை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இருவரும் அகராதியைப் புரட்டினோம். விடுமுறை என்கிற லீவும், கிளம்பு என்கிற லீவும் பிறப்பிலேயே வேறு வேறு சொற்கள். முதலாவதற்கு 'அனுமதி' என்று பொருள்; 'லவ்' பிறந்த அதே வேர். இரண்டாவதற்குப் பழைய பொருள், விட்டுவிட்டுப் போவது. காலப்போக்கில் ஓசை ஒன்றாகிவிட்டது.

"அப்ப ஒருத்தர் சொன்னா எதுன்னு எப்படித் தெரியும்?"

இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றேன்.

15.1.2009

சைட்டில் கட்டட வேலை நின்றுவிட்டது. நாற்பது பேரை ஊருக்கு அனுப்ப வேண்டும். மேனேஜர் பாலமுரளி என் கடிதத்தில் 'டெர்மினேஷன்' என்பதை அடித்துவிட்டு 'லாங் லீவ்' என்று எழுதினார். வேலையிலிருந்து நிறுத்தினால் நோட்டீஸ் தர வேண்டும். லீவுக்கு எதுவும் வேண்டாம்.

"நம்ம ஊர் ஆளுங்க. நீ சொன்னா நம்புவாங்க, அகிலா."

என் வீட்டுக்காரர் தியாகுவின் ஆபீசில் நேற்று பதினோரு பேர் போனார்கள். அடுத்து அவராகவும் இருக்கலாம். என் வேலையாவது நிற்க வேண்டாமா?

18.1.2009

ஆட்கள் தங்கியிருக்கும் கேம்ப்புக்குப் போனேன். கம்பி கட்டும் வேலுச்சாமி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏழு வருட சர்வீஸ்.

"லீவுன்னா திரும்பக் கூப்பிடுவாகள்ல, மேடம்?"

"கூப்பிடுவாங்கண்ணே. விசா அப்படியேதான் இருக்கு."

பொய் இல்லை. விசா இருக்கிறது.

அவர் மற்றவர்களிடம் திரும்பினார். "மேடமே சொல்லிட்டாக. போடுங்கப்பா கையெழுத்த."

20.1.2009

நாற்பது பேரும் ஏறிவிட்டார்கள்.

25.1.2009

ரக்ஷிதாவுக்கு ஏ கிரேடு.

9.4.2009

வேலுச்சாமி போன். கத்தாரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறதாம், போகட்டுமா என்று கேட்டார்.

"உங்க விசா கையில இருக்கயில வேற எடத்துக்குப் போறது நாயமில்லல்ல, மேடம்."

பாலமுரளி எதிரே உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? போங்கண்ணேன்னு ஒரு வார்த்தை. அதுக்கு என்ன கேடு எனக்கு? பாலமுரளி என்னத்த பண்ணிருப்பார்?

21.7.2009

ஆறு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் விசா தானாகச் செத்துவிடும். பாலமுரளிக்கு ஜனவரியிலேயே தெரியும். எனக்கும் தெரியும் — இன்றுதான் எழுதுகிறேன். நாற்பது பெயரையும் பட்டியலிலிருந்து அடித்தேன்.

மதியம் வேலுச்சாமி கூப்பிட்டார். டிக்கெட் எப்போது வரும் என்று கேட்டார்.

"அது லீவு இல்லண்ணே. போகச் சொன்னதுதான்."

கத்தாருக்கு அவர் இடத்தில் அவர் மச்சான் போய்விட்டானாம்.

"அரபில சொல்லியிருந்தா நாலு பேர்ட்ட விசாரிச்சிருப்பேன்" என்றார். "நீங்க தமிழ்லதான சொன்னீக, மேடம்."

வச்சிட்டார். நான் மன்னிப்புக்கூட கேக்கல. கேட்டிருந்தா மட்டும்?

4.10.2009, ஞாயிறு

இன்னொரு சைட். அறுபத்திரண்டு பேர், அதே 'லாங் லீவ்' கடிதம். பாலமுரளி வரவில்லை; இந்தப் பிரிவுக்கு இப்போது நான்தான் மேனேஜர். முன்வரிசையில் ஒருவர் "லீவுன்னா திரும்ப..." என்று ஆரம்பித்தார். கேள்வி முடியும் முன்பே "ஆமாண்ணே" என்றேன்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிட்டேன்.