கிடங்குக் காவலுக்கு வந்த குட்டி

பாலக்கரை, திருச்சிராப்பள்ளி
20-1-1942

அருமை மகன் கியாசுதீனுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உன் தங்கை ஜஹானாராவும் நானும் அல்லாஹ் கிருபையால் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சிங்கப்பூரில் குண்டு விழுகிறது என்கிறார்கள், ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருமா என்று தபால் ஆபீசிலேயே தெரியவில்லையாம். எழுதாமல் இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

கப்பலேறப் போகிற அவசரத்திலே பொன்மலை அற்புதசாமி வீட்டிலிருந்து சட்டைக்குள் வைத்து ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தாயே, நம் தோல் கிடங்குக்குக் காவலாகும் என்று, அது படுத்துகிற பாட்டை என்ன சொல்ல. நாய் வளர்த்து நமக்கு ஏது பழக்கம்? எச்சில் பட்டால் மண் கரைத்து ஒரு தரம், அதோடு சேர்த்து ஏழு தரம் கழுவுகிற வீட்டில் யார் அதைத் தொட்டுப் பழக்குவது? எட்ட நின்று குச்சியைக் காட்டி அதட்டினோம், அது குச்சியைக் கடிக்கப் பழகிற்று. கஞ்சி வைக்கப் போனால் விரல், நடந்தால் குதிகால், ஜஹானாராவின் தாவணி நார் நாராகிவிட்டது. பல் முளைக்கிற நமைச்சல், எதையாவது கடிக்கக் கொடு என்றார்கள். நான் பெரிய புத்திசாலி, கழித்துப்போட்ட தோல் துண்டைக் கொடுத்தேன். அந்த ருசி கண்டதற்குக் கேட்க வேண்டுமா, போன வாரம் கிடங்கிலிருந்த ஆட்டுத்தோல் கட்டையே குதறி வைத்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

வாப்பா கோபத்தில், மருங்காபுரியிலிருந்து தோல் கொண்டுவரும் பிச்சைமுத்துவின் வண்டியில் ஏற்றி அங்கேயே எங்காவது விட்டுவிடச் சொல்லிவிட்டார். அவனும் சாக்கை விரித்துக்கொண்டு நின்றான். நான் என்றைக்கு வாப்பாவை எதிர்த்துப் பேசினேன், அன்றைக்குப் பேசினேன். "அவன் வந்து என் குட்டி எங்கேன்னு கேட்டா நான் என்னங்க சொல்வேன்?" என்றேன். "முதல்ல அவன் வரட்டும்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கிற்று. பிச்சைமுத்துவைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தவர் சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து நானே அதைத் தொட்டுப் பழக்குகிறேன். கடித்தால் அடிப்பதில்லை, ஆ என்று கத்திவிட்டு எழுந்து போய்விடுவேன், அது திகைத்து நிற்கும், அப்புறம் வாலைக் குழைத்துக்கொண்டு பின்னாலேயே வரும். இப்போது விரலை வாயில் வைத்துக்கொண்டாலும் பல்லை அழுத்துவதில்லை. ஒவ்வொரு தரமும் மண் போட்டுக் கழுவிக் கழுவி என் உள்ளங்கை வெடித்துவிட்டது, ஜஹானாரா தேங்காயெண்ணெய் தடவுகிறாள். உனக்காக துஆ கேட்கக் கை ஏந்தும்போது எரிகிறது. எரிந்தால் எரியட்டும்.

நீ அங்கே கடையைக் காக்கிறேன் என்று நின்றுவிடாதே. முதலாளி சொன்னாலும் நிற்காதே, சரக்குப் போனால் போகட்டும், சனங்கள் போகிற பக்கம் நீயும் போய்விடு. வெந்நீரே குடி. எந்தக் கப்பல் கிடைத்தாலும் ஏறி வா. அல்லாஹ் உன்னை எங்கள் கண்ணில் காட்டுவானாக.

குட்டிக்குப் பெயர் வைக்காமலே போய்விட்டாய். ஜஹானாரா ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடப் போனாள், நான் விடவில்லை. அண்ணன் வந்து வைப்பான் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைப் பெற்ற உம்மா
சாரா பீவி