மூடி போட்டுத் தந்த பலூடா

ஜூலை 9, புதன்

என் மனைவியின் சகோதரர் மகன், என் மருமகன் றிஸ்வானின் ஜூஸ் பாரில் இன்று என்னை வெளியாளாக நடத்தினார்கள். எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

வறண்ட கச்சான் காற்று. தொண்டை வறட்சி. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நேரே போனேன். கல்லாவில் இலக்கத் துண்டு, 17. முந்திரிக் கஜு போட்ட பலூடா கேட்டேன். நின்றேன். 18 போயிற்று, 19 போயிற்று. உள்ளே ஏசி அறையில் மாப்பிள்ளை வீட்டார். றிஸ்வானின் தங்கச்சிக்குக் கல்யாணப் பேச்சு. நடுவில் லத்தீப். என் மனைவியின் தங்கையைக் கல்யாணம் முடித்தவர், ஓய்வுபெற்ற பள்ளி அதிபர். என் பலூடா கண்ணாடிக் கோப்பையில் அவருக்குப் போனது. றிஸ்வானே ஏந்திப் போனான்.

எனக்குப் பிளாஸ்டிக் கோப்பை. மூடி போட்டு, பையில். எடுத்துக்கொண்டு போ என்பது போல. கஜு இல்லை.

"மாமா, இண்டைக்குச் சரியான சனம். குறை நினைக்காதீங்க."

றிஸ்வான் சொன்னது அவ்வளவுதான்.

றிஸ்வானின் வாப்பா மௌத்தாகி நாலு வருடம். தகப்பன் இல்லாத வீட்டில், மாப்பிள்ளையை அழைத்துவரப் போகும் கூட்டத்துக்கு முன்னால் நடப்பது மூத்த மாமா. அது நான். நேற்றுவரை சந்தேகமே இல்லை.

ஜூலை 10, வியாழன்

காற்று நிற்கவில்லை. தண்ணீர் மோட்டருக்கு வாஷர் மாற்றினேன். பிரஷர் மாத்திரை மறந்தது. மனைவி பாத்துமா:

"ஒரு பலூடாவுக்கா நேத்திலருந்து சோறு இறங்கல்ல?"

"பலூடா இல்ல. அந்த மேசை."

"போய் இருந்திருக்கலாமே. சொந்த மருமகன்ட கடைதானே."

"கூப்பிடாம எப்பிடிப் போற?"

"வீட்டு ஆளை ஆரு கூப்பிடுவாங்க?"

சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டேன். மீன் ஆணம் நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

லத்தீப் சிரித்தால் மேசையே சிரிக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பழைய பத்திரிகைகளில் எழுத்துப் பழகினேன். காணி உறுதிப் பத்திரம் வாசிக்க ஊரே என்னிடம் வந்த காலம் உண்டு. வாத்தியாரைக் கூப்பிடும் 'சேர்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பல்லும் சொந்தப் பல்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வர, லத்தீப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நான் அண்ணன் முறை, காக்கா.

"காக்கா, புதன்கிழமை உங்களுக்கெண்டு எனக்குப் பக்கத்துல கதிரை போட்டு வெச்சிருந்த. நீங்க துண்டெடுத்து கஸ்டமர் மாதிரி நிக்கிறீங்க. றிஸ்வானுக்கு ஒரே மனவருத்தம்."

அவனுக்கு மனவருத்தமாம்.

அந்தக் கதிரையை நான் பார்த்தேன். அதில் லத்தீபின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளை அழைக்கப் போகக்குள்ள முன்னால ஆரு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அத றிஸ்வான்தான் சொல்லணும் காக்கா."

நீங்கள்தான் என்று சொல்லவில்லை. தான் இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூலை 12, சனி

காற்று கொஞ்சம் அடக்கம். ஒவ்வொருவரும் செய்ய வேண்டியவை:

றிஸ்வான்: நேரில் வர வேண்டும். போன் ஆகாது. "மாமா, நீங்கதான் முன்னால" என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

லத்தீப்: ஒரு எட்டுப் பின்னால் நடக்க வேண்டும். வழியில் யாரோடும் நின்று சிரிக்கக் கூடாது.

றிஸ்வானின் உம்மா: யார் மூத்தவர் என்று மகனுக்கு ஞாபகப்படுத்த வேண்டும்.

பாத்துமா: றிஸ்வானின் உம்மாவிடம் போக வேண்டும், இன்றே. நான் அனுப்பியதாகச் சொல்லக் கூடாது.

நான்: அஸருக்குப் பிறகு, றிஸ்வான் வரக்கூடிய நேரத்தில், எங்கும் போகாமல் வீட்டில் இருக்க வேண்டும்.