பெட்டி தூக்கிய கிசுகிசுப்பு

அன்புள்ள லுஸ்விமிண்டாவுக்கு,

நான் நலம், இந்த மலைக்குளிரும் நலம். நம் மகள் ஜோனாவுக்குப் பல்வலி தணிந்ததா?

எங்கள் ரேடியோ ஸ்டேஷனுக்குப் புதிதாக ஓர் ஒலிப்பெட்டி வந்திருக்கிறது. மெல்லிய சத்தத்தையும் தூக்கித் தெளிவாகக் கேட்க வைக்கும். அறிவிப்பாளன் எர்னிங்கின் குரலுக்காகவே உட்கார்ந்து உட்கார்ந்து அதைச் சரிசெய்தேன். ஜோனாவின் ஞானத்தகப்பன், அந்த உறவில் எனக்குக் கும்பாரே ஆயிற்றே!

நேற்று செய்தி வாசித்து முடித்தவன் மைக்கை மூட மறந்துவிட்டான். மேலே டவர் அறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜரிடம் அவன் கிசுகிசுத்ததைப் பெட்டி தூக்கி ஊருக்கே ஒலிபரப்பியது.

"பெட்டிதான் வந்துடுச்சே சார், இனி டெக்னீஷியன் நெஸ்டர் எதுக்கு? என் மச்சான் பாதிச் சம்பளத்துக்கு வருவான்."

கீழே இறங்கி வந்தால் அவன் என்னைத் திட்டுகிறான்!

"ஏன் கும்பாரே, இவ்ளோ தூக்கியா வைப்பே?"

"உன் குரலுக்காகத்தான் வச்சேன், கும்பாரே."

சிரித்துவிடு. வேலை இன்னும் போகவில்லை.

கொஞ்சம் கருவாடு அனுப்பு. நீ போர்த்திக்கொள்ளும் அந்தப் பச்சைப் போர்வையையும் அனுப்பு, துவைக்க வேண்டாம்.

எர்னிங்கின் நிகழ்ச்சி தொடங்கப்போகிறது. போய் அவன் குரலைச் சரிசெய்ய வேண்டும்.

உன்,
நெஸ்டர்