கணினி கேட்கிறது, நான் பதில் சொல்லவில்லை

இஞ்சாருங்கோ,

கணினியைத் தொட வேண்டாம் என்றீர்கள். தொட்டுவிட்டேன். விடியத் திரையில் திரும்பவும் அதே எச்சரிக்கை: மெய்நிகர் நினைவகம் குறைவு. பேசாலையில் நீங்கள் எடுத்த கல்யாண வீடியோவின் வேலை பாதியில் நிற்கிறது. பின்னேரம் கல்யாணப் பொம்பிளையின் தகப்பன் அதை வாங்க வருவார். இரவே அவர்கள் கனடாவுக்குப் பயணம்.

என் சமையல் வீடியோக்களால்தான் இந்தக் கரைச்சல் என்று நேற்றுச் சண்டை பிடித்தீர்கள். அவ்வளவையும் அழித்தேன். எச்சரிக்கை போகவில்லை. தம்பி டிலக்‌ஷனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, வீடியோ கிடக்கிற இடம் வேறை, நினைவகம் வேறை. நினைவகம் போதாட்டிக் கணினி டிஸ்க்கிலை கொஞ்ச இடத்தை எடுத்துப் பாவிக்கும். அந்த அளவைக் கூட்டிவிடுங்கோ" என்றான்.

விளங்கவில்லை. ஆனாலும் கூட்டினேன். இப்போது, "மீண்டும் தொடங்கவா?" என்று கேட்கிறது. ஓம் என்றால் கல்யாண வீடியோ போய்விடுமா? பிறகு என்றால் எச்சரிக்கை அப்படியே நிற்குமா? டிலக்‌ஷன் இப்போது போனை எடுக்கிறானில்லை. நான் இரண்டையும் அமத்தவில்லை.

மன்னார் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புட்டும் மீன் குழம்பும் மூடியிருக்கிறது. வீட்டுப் பூட்டின் திறப்பு கதிரையில்.

விஜிதா

பி.கு.: உங்களை எழுப்பிக் கேட்டிருக்கலாம், பக்கத்து அறையில்தானே படுத்திருக்கிறீர்கள். ஆனால் யார் முதலில் கதைக்கிறது என்று இராத்திரி இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டல்லவா படுத்தோம்.

இன்னுமொன்று: வாசல் படலையைச் சாத்தும்போது ஒருதரம் பலமாகக் கூப்பிடுவேன். உடனே எழும்புங்கோ. அதை நான் முதலில் கதைத்ததாக எடுக்கக் கூடாது.